நாற்றங்காலிலிருந்து வயலுக்கு: ஒரு திறமூலத் திட்டத்தை அறக்கட்டளை ஏற்பது எப்படி?

ஒரு மென்பொருளை இறக்கிக்கொள்ளப் போகிறீர்கள். கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் ‘இன்குபேட்டிங்’ என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொதியைத் திறந்தால் ‘டிஸ்க்ளெய்மர்’ என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பு. இந்தத் திட்டம் இன்னும் அடைகாப்பில் இருக்கிறது, திறமூலத் திட்டங்களுக்கு வீடாக இருக்கும் அப்பாச்சி அறக்கட்டளை இதற்கு இன்னும் முழு ஒப்புதல் தரவில்லை என்ற பொருளில் நாலைந்து வரிகள். முதன்முதலில் அதைப் பார்த்தபோது, அரைவேக்காடு போலிருக்கிறதே, இதை நம்பி வேலையில் இறங்கலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தத் தாவலை மூடிவிட்டு வேறு மென்பொருளைத் தேடப் போய்விட்டேன்.

அன்றைக்கு அந்தக் கோப்பை நான் கடைசிவரை படிக்கவில்லை. படித்திருந்தால் ஒரு விஷயம் புரிந்திருக்கும். நிரல் எவ்வளவு முழுமையானது, எவ்வளவு உறுதியானது என்பதை வைத்து இந்த முத்திரை குத்தப்படுவதில்லை என்று அதே கோப்பு சொல்கிறது. பல வருடங்களாக லட்சக்கணக்கானோர் பயன்படுத்திவரும் மென்பொருள்கூட இந்த முத்திரையோடு வரலாம். சரி, நிரல் நன்றாகத்தான் இருக்கிறது என்றால் எதைத்தான் அடைகாக்கிறார்கள்? அந்த நிரலைச் சுற்றியிருக்கும் ஆட்களை. அவர்கள் ஒருவரையோ ஒரு நிறுவனத்தையோ நம்பாமல், தாங்களாகவே சேர்ந்து முடிவெடுத்து நடக்கப் பழகிவிட்டார்களா என்பதைத்தான் அறக்கட்டளை பார்க்கிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்ற நடைமுறைகள் எல்லாம் தானாகப் புரியும்.

பெயர் யாருடையது, சாவி யாரிடம்?

திறமூல மென்பொருள் என்றால் மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். உரிமம் தருவது அவ்வளவுதான். ஆனால் ஒரு திட்டம் என்பது நிரல் மட்டும் இல்லையே. அதன் பெயர் யாருக்குச் சொந்தம்? இணைய முகவரியை யார் பதிவு செய்து வைத்திருக்கிறார்? புதிய பதிப்பை வெளியிடும் கடவுச்சொல் யாரிடம்? ஒருவர் அனுப்பும் மாற்றத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கடைசியாகச் சொல்வது யார்? பெரும்பாலான திட்டங்களில் இந்த எல்லாச் சாவியும் ஒரே கொத்தில், ஒரே இடுப்பில் தொங்கும். அவர் வேலை மாறலாம், உடம்பு முடியாமல் போகலாம், நிறுவனமாக இருந்தால் அதன் நோக்கமே மாறிவிடலாம்.

அண்மையில் பலரும் பார்த்த உதாரணம் டெர்ராஃபார்ம். கிளவுட் சேவையகங்களை நிர்வகிக்க உலகம் முழுக்கப் பயன்படும் கருவி. அதை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் அதன் உரிமத்தை திறமூல உரிமமான மொசில்லா பொது உரிமத்திலிருந்து, போட்டியாளர்களின் வணிகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் ‘பிசினஸ் சோர்ஸ்’ உரிமத்துக்கு மாற்றியது. திட்டம் அந்த நிறுவனத்துக்குச் சொந்தம், ஆகவே மாற்ற முடிந்தது. அதுவரை வெளியான பதிப்புகள் பழைய உரிமத்திலேயே இருந்ததால், பயனாளர்கள் சிலர் அங்கிருந்து ஒரு கிளை பிரித்து ஓப்பன்டோஃபு என்று பெயரிட்டார்கள். அடுத்த மாதமே அது, திறமூலத் திட்டங்களைத் தாங்கும் இன்னொரு பொது அமைப்பான லினக்ஸ் அறக்கட்டளைக்குள் போனது. மறுபடியும் ஒரே நிறுவனத்தின் கைக்குள் சிக்கக் கூடாது என்பதுதான் அவர்களின் கவலை. அந்தக் கவலைக்கு ஒரு வீடு தேவைப்பட்டது.

இதற்கு நேர்மாறான கதை கசாண்ட்ரா. எனக்கு மிகவும் பிடித்த கதையும் இதுதான். ஃபேஸ்புக்கில் உள்பெட்டிக்குள் வரும் செய்திகளைத் தேடுவதற்காக அவினாஷ் லக்‌ஷ்மண், பிரசாந்த் மாலிக் என்ற இரண்டு பொறியாளர்கள் எழுதிய தரவுத்தளம் அது. 2008 ஜூலையில் ஃபேஸ்புக் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2009இல் அப்பாச்சி அறக்கட்டளையில் புதிய திட்டங்களை அடைகாக்கும் பகுதியான இன்குபேட்டருக்குள் வந்தது. ஃபேஸ்புக்குக்கு வெளியிலிருந்தும் ஆட்கள் பொறுப்பேற்றார்கள். 2010 பிப்ரவரியில் முழுத் திட்டமாக வெளியே வந்தது. அதே வருடக் கடைசியில் ஃபேஸ்புக் தன் புதிய செய்திச் சேவையை அறிவித்தபோது, அதற்கு கசாண்ட்ராவை எடுத்துக்கொள்ளவில்லை. எச்பேஸ் என்ற வேறொரு தரவுத்தளத்துக்குப் போய்விட்டது.

பெற்ற வீடே கைவிட்ட பிள்ளை. சாதாரணமாக அந்த இடத்தில் ஒரு மென்பொருளின் கதை முடிந்துவிடும். கசாண்ட்ராவுக்கு முடியவில்லை. அதற்குள் வேறு நிறுவனங்களின் பொறியாளர்கள் பலர் அதை எழுதிக்கொண்டும் வெளியிட்டுக்கொண்டும் இருந்தார்கள். பெயரும் ஃபேஸ்புக்கிடம் இல்லை, அறக்கட்டளையிடம் இருந்தது. பிறகு நெட்ஃப்ளிக்ஸ், ஆப்பிள் போன்ற நிறுவனங்கள் மிகப் பெரிய அளவில் அதைப் பயன்படுத்தின. இன்றும் அது உயிரோடு இருக்கிறது.

அப்பாச்சி எங்கிருந்து வந்தது

இந்த முறை ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு அப்பாச்சியின் பிறப்பிலேயே விடை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் இணையதளங்களை இயக்கப் பரவலாகப் பயன்பட்டது இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய சேவையக மென்பொருள். 1994இல் அவர் அங்கிருந்து போய்விட, கவனிக்க ஆளில்லாமல் நின்றது. ஆனால் பயன்படுத்தியவர்கள் ஆங்காங்கே தாங்களே ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒட்டுகளை மின்னஞ்சலில் பரிமாறிக்கொண்ட ஒரு சிறு குழு 1995இல் ஒன்று சேர்ந்தது. அதுதான் அப்பாச்சி குழு. தலைவர் இல்லை, சம்பளம் தரும் நிறுவனமும் இல்லை. வெவ்வேறு ஊர்களில் இருந்தார்கள், மின்னஞ்சலில் வாக்களித்து முடிவெடுத்தார்கள். 1999இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்தார்கள்.

அப்புறம் வெளியிலிருந்து திட்டங்கள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பழக்கத்தோடு வந்தது. நிரல் யார் எழுதியது, கொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டா என்பதையும் பார்த்தாக வேண்டியிருந்தது. அதற்காக 2002இல் இன்குபேட்டர் என்ற தனி வாசலை அமைத்தார்கள். அந்த வாசலுக்குள் வந்து இன்னும் வெளியேறாத திட்டத்துக்கு ‘பாட்லிங்’ என்று பெயர். நம் வழக்கில் நாற்று என்று சொன்னால் கச்சிதமாகப் பொருந்தும். விதையை நேரே வயலில் போடாமல் நாற்றங்காலில் விட்டு, வேர் பிடித்ததும் பறித்து நடுகிறோம் இல்லையா, அதே வேலைதான்.

விண்ணப்பம்

உள்ளே வர விரும்பும் திட்டம் முதலில் ஒரு முன்மொழிவு எழுத வேண்டும். இந்த மென்பொருள் என்ன செய்கிறது, ஏன் அப்பாச்சிக்கு வர விரும்புகிறீர்கள், இப்போது யார் யார் எழுதுகிறார்கள் என்பதெல்லாம் வழக்கமான கேள்விகள். எனக்குப் பிடித்தது ‘தெரிந்த ஆபத்துகள்’ என்ற பகுதி. உங்கள் திட்டம் அநாதையாகிவிடும் வாய்ப்பு எவ்வளவு? எழுதுபவர்கள் எல்லோரும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்களா? எல்லோரும் சம்பளத்துக்கு எழுதுகிறார்களா, சம்பளம் நின்றால் யாராவது தொடர்வார்களா? அப்பாச்சி என்ற பெயரின் மீதுள்ள மோகத்தால் மட்டும் வருகிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி உண்மையிலேயே படிவத்தில் உள்ள தலைப்பு. பதிலில் குறைகளை ஒளிவுமறைவின்றி எழுதினால் யாரும் குறைவாக நினைப்பதில்லை. “நாங்கள் ஐந்து பேரும் ஒரே அலுவலகம்தான், இதை மாற்றத்தான் வருகிறோம்” என்று எழுதலாம். அந்த நேர்மை நல்ல அறிகுறியாகவே பார்க்கப்படுகிறது.

தனியாக விண்ணப்பிக்க முடியாது. அறக்கட்டளையில் ஏற்கெனவே இருக்கும் ஒருவர் ‘சாம்பியன்’ ஆக முன்னின்று முன்மொழிவைச் செப்பனிட உதவ வேண்டும். கூடவே சில வழிகாட்டிகள், பெரும்பாலும் மூன்று பேராவது, இந்த நாற்றைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களும் தன்னார்வலர்கள்தான். பிறகு பொது மின்னஞ்சல் குழுவில் விவாதம் நடக்கும். யாரும் எதையும் கேட்கலாம். அதற்குப் பின் இன்குபேட்டர் குழு வாக்களிக்கும். ஏற்றால் திட்டம் நாற்றாகிவிட்டது. ஆனால் இன்னும் நாற்றங்காலில்தான்.

இந்த வாசலில் வயது பார்ப்பதில்லை. குரூவி என்ற நிரல்மொழி 2003இல் தொடங்கியது. அதற்குப் பணம் கொடுத்துவந்த பிவோட்டல் நிறுவனம், 2015 மார்ச்சோடு நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. அதே மார்ச்சில் குரூவி அப்பாச்சியின் நாற்றானது. ஏறக்குறைய 12 வயது, உலகெங்கும் பயனாளர்கள், அப்படியிருந்தும் எல்லோரையும் போலவே இன்குபேட்டர் வழியாக வந்து, அந்த நவம்பரில் வெளியேறியது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கருவியான, 2000இல் தொடங்கிய சப்வெர்ஷனும் 2009 நவம்பரில் இப்படித்தான் உள்ளே வந்தது. மூன்றே மாதத்தில் முடித்துவிட்டுப் போனது. ஏற்கெனவே அப்பாச்சியைப் போலவே வாக்களித்து நடந்துகொண்டிருந்த கூட்டம் அது. கற்றுக்கொள்ள அவர்களுக்கு அதிகம் இருக்கவில்லை.

காகிதங்களும் பெயரும்

முதல் வேலை சட்டக் காகிதங்கள். நிரல் ஒரு நிறுவனத்திடமிருந்து வந்தால் அந்த நிறுவனம் ஒரு கொடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். நிரலைச் சேர்க்கும் அனுமதி பெறும் ஒவ்வொருவரும், அவரை ‘கமிட்டர்’ என்பார்கள், தனிப்பட்ட ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். இதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. நான் எழுதிய நிரலின் பதிப்புரிமையையே எழுதிக் கொடுத்துவிடுகிறேனோ என்று பயப்படுவார்கள். அப்படி இல்லை. பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கிறது. அதைப் பயன்படுத்தவும் பகிரவும் அறக்கட்டளைக்கு நிரந்தர அனுமதி மட்டும் தருகிறீர்கள்.

பெயர் மட்டும் முழுதாகக் கைமாறும். அந்தப் பெயரில் வேறு மென்பொருளோ நிறுவனமோ இருக்கிறதா என்று தேடிப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். பிறகு வணிகச்சின்ன உரிமை அறக்கட்டளைக்குப் போகும். சில திட்டங்கள் வாசலிலேயே பெயரை மாற்றிக்கொள்கின்றன. சீனாவின் பைடு நிறுவனத்தில் ‘பாலோ’ என்று வளர்ந்த தரவுத்தளம் 2018இல் அப்பாச்சிக்குள் ‘டோரிஸ்’ ஆக வந்தது. வருடக்கணக்கில் கூப்பிட்டுப் பழகிய பெயரை விடுவது சுலபமில்லை. ஆனால் நாளைக்கு அந்த நிறுவனம் ஒதுங்கிக்கொண்டாலும் மற்றவர்கள் அதே பெயரில் தொடர முடிவது இதனால்தான்.

உரிமமும் மாறியாக வேண்டும். அப்பாச்சி திட்டங்கள் எல்லாம் அப்பாச்சி உரிமம் 2.0இல்தான் வெளியாக வேண்டும். உள்ளே சேர்த்திருக்கும் பிறருடைய நூலகங்களும், அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளும், அதோடு ஒத்துப்போக வேண்டும். எம்ஐடி, பிஎஸ்டி போன்ற தாராளமான உரிமங்கள் என்றால் சிக்கல் இல்லை. அதைச் சேர்த்து வெளியிடும் நிரலையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் ஜிபிஎல் என்றால் சேர்க்க முடியாது. ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். தரவைப் பரிமாறப் பயன்படும் ஜேசான் வடிவத்துக்கான ஒரு பழைய நூலகத்தின் உரிமத்தில், இந்த மென்பொருள் நன்மைக்கே பயன்பட வேண்டும், தீமைக்கு அல்ல என்று ஒரு வரி இருந்தது. படிக்க எவ்வளவு அழகான வரி! ஆனால் எது நன்மை, எது தீமை என்று யார் தீர்மானிப்பது? பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் எந்த வரியும் திறமூலத்துக்கு ஒத்துவராது. 2016 நவம்பரில் அப்பாச்சி அதைத் தடை செய்த உரிமங்களின் பட்டியலில் சேர்த்தது. பல திட்டங்கள் உட்கார்ந்து அந்த நூலகத்தைப் பிடுங்கி எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தின.

மின்னஞ்சலில் நடக்காதது நடக்கவே இல்லை

அப்பாச்சியில் எல்லோர் வாயிலும் இருக்கும் வாசகம் இது. புதிதாக வரும் நிறுவனத் திட்டங்களுக்கு மிகக் கடினமான பாடமும் இதுதான்.

ஒரே அலுவலகத்தில் இருக்கும் நான்கு பொறியாளர்களை நினைத்துப் பாருங்கள். காலையில் டீ குடிக்கும்போது ஒருவர், “அந்த அமைப்புக் கோப்பின் வடிவத்தை மாற்றிவிடலாமா?” என்கிறார். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். மதியத்துக்குள் நிரல் சேர்ந்துவிடுகிறது. அவர்களைப் பொறுத்தவரை இது சுறுசுறுப்பு. ஆனால் பிரேசிலிலோ போலந்திலோ இருந்து மூன்று வாரமாக அதே பகுதியில் உழைத்துக்கொண்டிருந்த ஒரு தன்னார்வலர் தூங்கி எழுந்து பார்க்கிறார். தான் எழுதியது எல்லாம் வீண். ஏன் மாறியது என்று எங்கேயும் எழுதப்படவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. சத்தமில்லாமல் விலகிப் போகிறார். அப்படி விலகிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எந்தத் திட்டத்துக்கும் தெரியாது.

நல்ல வழிகாட்டி தலையிடுவது இந்த இடத்தில்தான். அவர் நிரலைப் பற்றிப் பேச மாட்டார். “இது எங்கே பேசி முடிவானது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். அடுத்த முறை அதே பேச்சை மின்னஞ்சல் குழுவில் எழுதுகிறார்கள். இரண்டு மூன்று நாள் காத்திருக்கிறார்கள். யாரும் மறுக்காவிட்டால் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். முதலில் இது மாட்டுவண்டி வேகமாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் ஆறு மாதம் கழித்துப் புதிதாக வருபவர் பழைய மடல்களைப் புரட்டி, ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதைத் தானே படித்துத் தெரிந்துகொள்ளும்போது அந்தக் காத்திருப்பின் மதிப்பு புரிகிறது.

ஒரு வெளியீடு, ஒரு வாக்கு

நாற்றின் தேர்வுகளில் பெரியது முதல் வெளியீடு. இதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

ஒருவர் வெளியீட்டுப் பொறுப்பாளராக முன்வருகிறார். மூலநிரலை ஒரு பொதியாகக் கட்டுகிறார். தன் மறைகுறிச் சாவியால் கையொப்பமிடுகிறார். கோப்பின் கைரேகை போன்ற ஒரு நீண்ட எண்ணையும் பக்கத்தில் வைக்கிறார். பிறகு குழுவுக்கு ஒரு மடல்: ‘0.4.0-இன்குபேட்டிங், முதல் வேட்பாளர். குறைந்தது 72 மணி நேரம் வாக்களிக்கலாம்.’ வேட்பாளர் என்றால் வாக்கில் தேறினால் வெளியீடாகப்போகும் பொதி. எழுபத்திரண்டு மணி ஏன்? சென்னையில் விடியும்போது கலிஃபோர்னியாவில் முந்தைய நாள் மாலை. வார இறுதி குறுக்கே வரும். சிலர் வேலை முடிந்து வந்துதான் இதைப் பார்க்க முடியும். எல்லோருக்கும் ஒரு வாய்ப்பாவது கிடைக்க அந்த மூன்று நாள்.

ஆதரவுக்கு ‘+1’, எதிர்ப்புக்கு ‘-1’. ஆனால் வாக்கு என்றால் சும்மா ‘+1’ என்று எழுதிவிட்டுப் போவதில்லை. பொதியை இறக்கி, கையொப்பம் உண்மையா என்று பார்க்க வேண்டும். பெயரில் ‘இன்குபேட்டிங்’ இருக்கிறதா, லைசென்ஸ், நோட்டீஸ், டிஸ்க்ளெய்மர் கோப்புகள் உள்ளே இருக்கின்றனவா, ஒவ்வொரு மூலக்கோப்பின் தலையிலும் உரிம வரிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மூலநிரல் பொதிக்குள், மனிதர் படிக்க முடியாதபடி ஏற்கெனவே கணினிக்காக மாற்றப்பட்ட இயங்குநிலைக் கோப்பு எதுவும் ஒளிந்திருக்கக் கூடாது. கடைசியாக, அந்த மூலநிரலை வைத்துத் தன் கணினியிலேயே இயங்கும் மென்பொருளாகக் கட்டிப் பார்க்க வேண்டும்.

நான் முதன்முதலில் இப்படிச் சரிபார்த்தது ஒரு சின்ன நாற்றின் வெளியீட்டை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆவணங்கள் இருக்கும் கோப்புறையில் ஒரு எழுத்துருக் கோப்பு மட்டும் இடித்தது. எங்கிருந்து வந்தது, என்ன உரிமம் என்று எங்கேயும் குறிப்பு இல்லை. இதைப் போய்ச் சொல்வதா என்று தயங்கினேன். அரை மணி நேரம் மடலை எழுதி அழித்து எழுதி, கடைசியில் அனுப்பிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பொறுப்பாளரிடமிருந்து பதில் வந்தது: நன்றி, இதை எல்லோரும் தவறவிட்டுவிட்டோம், வாக்கெடுப்பை நிறுத்துகிறேன். இரண்டு நாள் கழித்து இரண்டாவது வேட்பாளர் வந்தது. எழுத்துரு போயிருந்தது. நான் கமிட்டர் இல்லை, என் வாக்குக்குக் கணக்கும் இல்லை. ஆனாலும் அந்தப் பதிலை எழுதியவர் என்னை ஒரு நாளும் வெளியாளாக நடத்தவில்லை. கற்றுக்கொள்ள விரும்புகிற யாருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: ஒரு நாற்றைத் தேர்ந்தெடுத்து அதன் அடுத்த வெளியீட்டைச் சரிபாருங்கள். ஒரு வரி நிரல்கூட எழுதாமல் அந்தத் திட்டத்தின் உள்வீடு முழுக்கத் தெரிந்துவிடும்.

திட்டத்துக்குள் குறைந்தது மூன்று ‘+1’ வந்து, எதிர்ப்பைவிட ஆதரவு அதிகம் இருந்தால், வெளியீடு இன்குபேட்டர் குழுவின் பார்வைக்குப் போகும். அங்கேயும் 72 மணி, அங்கேயும் மூன்று வாக்கு. வெளியீட்டு வாக்கில் ‘-1’ போட்டால் அது தடையாகாது. பெரும்பான்மைதான் கணக்கு. ஆனால் நிரலில் செய்யும் ஒரு மாற்றத்துக்கு, தொழில்நுட்பக் காரணத்தோடு, செல்லுபடியாகும் வாக்கு உள்ள ஒருவர் ‘-1’ போட்டால் அது முழுத் தடை. அவர் திருப்தி அடையும்வரை அந்த மாற்றம் உள்ளே போகாது. புதியவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இதற்கிடையே முதல் மூன்று மாதம் மாதாமாதமும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் அறிக்கை எழுத வேண்டும். பட்டதாரி ஆவதற்கு (நாற்றங்காலை விட்டு முழுத் திட்டமாக வெளியேறுவதை அப்படித்தான் சொல்வார்கள்) இன்னும் என்ன பாக்கி, கடைசியாக எப்போது புதிய கமிட்டரைச் சேர்த்தீர்கள் என்று அதில் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒரு வருடமாகப் புதிதாக யாரும் சேரவில்லை என்றால், நிரல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் எங்கேயோ கதவு சாத்தியிருக்கிறது என்று பொருள்.

ஒரே சொல், வேறு பொருள்

எல்லா அறக்கட்டளையும் அப்பாச்சி மாதிரி இல்லை. லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 2015இல் தொடங்கிய சிஎன்சிஎஃப் (கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன்), கண்டெய்னர்களை, அதாவது தனித்தனிப் பெட்டிகளாக இயங்கும் மென்பொருள்களை, நிர்வகிக்க கூகுள் கொடுத்த குபர்நெட்டிஸை மையமாக வைத்து வளர்ந்தது. அங்கே மூன்று படிகள்: சாண்ட்பாக்ஸ், இன்குபேட்டிங், கிராஜுவேட்டட். கவனியுங்கள், இங்கே ‘இன்குபேட்டிங்’ நடுப்படி. அந்தப் படிக்கு வரவே பல நிறுவனங்கள் தங்கள் உண்மையான வேலைக்கு அந்த மென்பொருளைப் பயன்படுத்துவதைக் காட்ட வேண்டும். கடைசிப் படிக்கு வெளியாட்களை வைத்துச் செய்த பாதுகாப்புத் தணிக்கையும் வேண்டும். குபர்நெட்டிஸ் 2018 மார்ச்சில் அந்தப் படியை முதலில் தொட்டது. ஆக, அப்பாச்சியில் ‘இன்னும் ஏற்கவில்லை’ என்று சொல்லும் சொல், சிஎன்சிஎஃப்பில் ‘நம்பிப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்’ என்று சொல்கிறது. ஒரு மென்பொருளின் பெயரோடு இந்தச் சொல்லைப் பார்த்தால் எந்த அறக்கட்டளை என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

வேர் பிடிக்காத நாற்று

எல்லாம் வயலுக்குப் போவதில்லை. பலர் ஒரே பக்கத்தில் சேர்ந்து பேசவும் எழுதவும் கூகுள் 2009இல் பெரிய ஆரவாரத்தோடு அறிவித்த வேவ், மறுவருடமே கைவிடப்பட்டது. அதன் நிரல் 2010 கடைசியில் அப்பாச்சிக்கு வந்தது. ஏழு வருடம் நாற்றங்காலிலேயே இருந்தது. ஆர்வமுள்ள சிலர் விடாமல் முயன்றார்கள். போதுமான ஆட்கள் சேரவில்லை. 2018 ஜனவரியில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். சிஎன்சிஎஃப்பிலும் இதே கதை உண்டு. கண்டெய்னர்களை இயக்கும் ராக்கெட், கண்டெய்னர்டி என்ற இரண்டு திட்டங்கள் 2017 மார்ச்சில் ஒன்றாக உள்ளே வந்தன. கண்டெய்னர்டி 2019 பிப்ரவரியில் பட்டம் பெற்றது. ராக்கெட்டை அதே வருடம் ஆகஸ்டில் ஆவணப்பெட்டியில் வைத்துவிட்டார்கள். பயனாளர்களும் எழுதுபவர்களும் மற்றதன் பக்கம் போய்விட்டார்கள்.

ஓய்வு என்றால் அழித்துவிடுவது இல்லை. மூலநிரல் படிக்கக் கிடைக்கும், உரிமம் அப்படியே இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போய் வேறு பெயரில் தொடரலாம். கவனிக்க ஆளில்லாத மென்பொருளுக்கு, ஆள் இருப்பது போன்ற தோற்றம் இருப்பதுதான் ஆபத்து. பாதுகாப்பு ஓட்டை ஒன்று வந்தால் அடைக்க யாரும் இல்லை என்பது பயனாளர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால் மூடுவதையும் வாக்கெடுத்து, வெளிப்படையாக எழுதிவைத்து மூடுவதை நான் மரியாதையான செயலாகவே பார்க்கிறேன்.

பட்டம்

தயாராகிவிட்டோம் என்று நாற்றுக் குழு நினைத்தால், முதலில் தங்களுக்குள் பேசி வாக்களிக்கிறார்கள். பிறகு இன்குபேட்டர் குழு பரிந்துரைக்கிறது. கடைசியாக ஒன்பது பேர் கொண்ட இயக்குநர் குழு தன் மாதாந்தரக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுகிறது. அந்தத் தீர்மானத்தில் திட்டத்தின் பெயர், அதை நிர்வகிக்கப்போகும் குழுவில் இருப்பவர்களின் பெயர்கள், தலைவராக ஒருவர். அந்தத் தலைவர் அந்தத் திட்டத்துக்கான அறக்கட்டளையின் துணைத்தலைவர் என்ற பதவியையும் பெறுகிறார். இனி இவர்கள் இன்குபேட்டரிடம் கேட்க வேண்டியதில்லை. நேரே இயக்குநர் குழுவுக்கே அறிக்கை கொடுப்பார்கள்.

பணம்? வராது. வெளியே பலர் இதை நம்ப மாட்டார்கள். நிரல் எழுத அப்பாச்சி யாருக்கும் சம்பளம் தருவதில்லை. நன்கொடையில் வரும் பணம் சேவையகங்களுக்கும், சட்ட வேலைக்கும், நிர்வாகத்துக்கும் போகிறது. எழுதுபவர்கள் ஒன்று தங்கள் நிறுவனத்தின் சம்பளத்தில் எழுதுகிறார்கள், இல்லாவிட்டால் தங்கள் மாலை நேரத்தில் எழுதுகிறார்கள். 2021 டிசம்பரில், மென்பொருளுக்குள் நடப்பவற்றைப் பதிவு செய்ய உதவும் அப்பாச்சியின் லாக்4ஜே நூலகத்தில் மோசமான ஓட்டை வெளியானபோது, உலகின் பெரிய பெரிய நிறுவனங்கள் எல்லாம் காத்திருந்தது இப்படிப்பட்ட ஒரு சில தன்னார்வலர்களின் திருத்தத்துக்காகத்தான். அறக்கட்டளையால் அவர்களுக்கு வீடு கொடுக்க முடிந்தது, ஒழுங்கு கொடுக்க முடிந்தது, சட்டப் பாதுகாப்பு கொடுக்க முடிந்தது. தூக்கத்தைக் கொடுக்க முடியவில்லை. இந்தக் குறை இன்னும் தீராமல்தான் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இந்த முறையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

தீர்மானம் நிறைவேறிய மறுநாள் திட்டத்துக்குள் என்ன நடக்கும்? அறிவிப்பு, வாழ்த்து எல்லாம் வரும். ஆனால் எனக்குப் பார்க்கப் பிடித்தது நிரல் களஞ்சியத்தில் வரும் சின்னச் சின்ன மாற்றங்கள். யாரோ ஒருவர் இணைப்புகளில் இருக்கும் ‘இன்குபேட்டர்’ என்ற சொல்லை ஒவ்வொன்றாக நீக்குகிறார். பதிப்பு எண்ணின் வாலிலிருந்து ‘இன்குபேட்டிங்’ போகிறது. அப்புறம் ஒரே வரிக் குறிப்போடு இன்னொரு மாற்றம்: டிஸ்க்ளெய்மர் கோப்பு நீக்கப்பட்டது. அதற்குக் கீழே, அதற்கு முன் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்ததே இல்லாத மூன்று நான்கு பேர் வரிசையாக ‘+1’ போட்டிருக்கிறார்கள்.